முதல் மூணு வருஷம் யார்கிட்ட இருக்கு?

இந்த வாரம் ஒரு குட்டி டெஸ்ட். பதறாதீங்க... சிலபஸ்ல இல்லாத டெஸ்ட். மார்க்கும் கிடையாது, அரியரும் விழாது.

கடைசி பெஞ்ச், ஹாஸ்டல் கட்டில், பஸ் ஃபுட்போர்டு (ஃபுட்போர்டுல நின்னுக்கிட்டு இதைப் படிக்காதீங்க சாமி!)... எங்க இருந்தாலும் சரி, ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசிங்க. உங்க வாழ்க்கையில உங்களுக்கு ஞாபகம் இருக்கிற முதல் விஷயம் எது?

ஒருத்தர், "எல்.கே.ஜி. முதல் நாள் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்"னு சொல்வீங்க. இன்னொருத்தர், "தம்பி பொறந்தப்ப ஆஸ்பத்திரியில யாரோ பன்னு வாங்கித் தந்தாங்க"ன்னு. நாய் துரத்தினது, கிணத்துல பந்து விழுந்தது, திருவிழாவுல தொலைஞ்சு போனது... ஏதாவது ஒண்ணு வரும். இப்ப அந்த வயசைக் கணக்குப் போடுங்க. பெரும்பாலும் மூணு, மூணரை, நாலு. அதுக்கு முன்னாடி? சிக்னல் இல்லாத பழைய டி.வி. மாதிரி வெறும் புள்ளி புள்ளியா ஓடும்.

"இல்ல பாஸ், ஒரு வயசுல மொட்டை போட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு"ன்னு கையைத் தூக்குற அந்த அறிவாளிக்கு ஒரு கேள்வி. அந்த ஞாபகத்துல உங்க மொட்டைத் தலையும் சேர்ந்து தெரியுதா? தெரிஞ்சா அது ஞாபகம் இல்ல தலைவா... ஆல்பம்!

எதுக்கு இந்த டெஸ்ட்டுன்னா, போன ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்கு மூணு வயசு முடிஞ்சுது. மெழுகுவத்தி, கேக், பலூன், பக்கத்து வீட்டுப் பசங்கன்னு எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனா எனக்கு மனசுக்குள்ள ஒரே ஒரு கணக்குதான் ஓடிக்கிட்டே இருந்துச்சு. இவ பொறந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் நடந்ததுல அநேகமா எதுவுமே இவளுக்கு ஞாபகம் இருக்கப் போறதில்ல.

"காலேஜ் பக்கத்துல பாப்பா கதை எதுக்கு?"ன்னு நீங்க முணுமுணுக்கிறது கேக்குது. இது என் பொண்ணு கதை மட்டும் இல்லைங்க. உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் இதே மூணு வருஷம் காணாமப் போயிருக்கு. மூணு வருஷம்னா என்ன? பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிக்கிறவங்களுக்கு ஒரு முழு டிகிரி. உள்ளே நுழைஞ்ச நாள்ல இருந்து ஃபேர்வெல் வரைக்கும் மொத்தமும் அழிஞ்சு போச்சுன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இதுக்கு மனவியல்ல 'குழந்தைப் பருவ மறதி'ன்னு பேர். 1893-லேயே அமெரிக்காவுல கரோலின் மைல்ஸ் என்பவர், நான் உங்ககிட்ட கேட்ட அதே கேள்வியைப் பலர்கிட்ட கேட்டுக் கணக்கெடுத்தார். சராசரியா வந்த வயசு மூணு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்பவும் அந்தக் கணக்கு பெருசா மாறல.

அதுக்காகக் கைக்குழந்தைக்கு ஞாபகசக்தியே கிடையாதுன்னு நினைச்சுடாதீங்க. பிஸ்கட் டப்பாவை எந்த அலமாரியில ஒளிச்சு வச்சோம்னு நான் மறந்தாலும் மறப்பேன், ரெண்டு வயசுல என் பொண்ணு மறந்ததே இல்ல. பதிவு ஆகுது. நிக்கறதுதான் இல்ல. ஏன்? 2014-ல கனடாவின் டொரன்டோ நகர ஆராய்ச்சியாளர்கள் 'சயின்ஸ்' இதழ்ல ஒரு காரணம் சொன்னாங்க. மூளையில ஞாபகத்தைக் கவனிச்சுக்கிற ஹிப்போகாம்பஸ்னு ஒரு பகுதி இருக்கு. சின்ன வயசுல அங்க புதுப்புது நரம்பு செல்கள் ரொம்ப வேகமா முளைக்குது. அந்தப் புது செல்கள் வந்து சேரச் சேர, பழைய இணைப்பெல்லாம் கலைஞ்சு போகுது. எலிக்குஞ்சுகள்ல அந்த முளைப்பை மருந்து கொடுத்துக் குறைச்சுப் பார்த்தாங்க... ஞாபகம் அதிக நாள் நின்னுச்சு. வளர்ந்த எலியில முளைப்பை அதிகமாக்கினாங்க... மறந்து போச்சு. எலிக்கு வந்த ரிசல்ட்டை அப்படியே மனுஷனுக்கு ஒட்டிட முடியாதுதான். ஆனா எனக்கு இந்த விளக்கம் பிடிச்சிருக்கு. வாரம் ஒரு புது ரோடு போடுற ஊர்ல பழைய அட்ரஸ் எப்படிக் கிடைக்கும்? வளர்ற வேகத்துலதான் மறக்கிறோம்.

சரி, நம்மகிட்ட இல்லாத அந்த மூணு வருஷம் வேற எங்க இருக்கு? கூட இருந்தவங்ககிட்ட. பெரும்பாலான வீடுகள்ல, அம்மாகிட்ட.

என் விஷயத்துல இங்கதான் சிக்கல். என் பொண்ணுக்கு பதினோரு மாசம் இருந்தப்ப எங்க அம்மா காலமாயிட்டாங்க. அவங்க அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. டைரி எழுதுற பழக்கமெல்லாம் கிடையாது. ஆனா நான் எந்த மாசம் குப்புற விழுந்தேன், எந்த அமாவாசைக்கு முதல் பல்லு வந்துச்சு, என்ன சொல்லி சோறு ஊட்டினா வாயைத் திறப்பேன்... எல்லாம் விரல் நுனியில வச்சிருந்தாங்க. என் பொண்ணு ஒவ்வொண்ணு செய்யறப்பவும், "நீ இதையே ஒரு மாசம் லேட்டாத்தான் செஞ்சே"ன்னு ஒரு கமென்ட் வரும். அவங்க போன பிறகு பாப்பா முதல் அடி எடுத்து வச்சா. எங்க ரெண்டு பேர்ல யார் முந்தினதுன்னு சொல்ல ஆள் இல்ல.

அப்பா இருக்காரே, அவர்கிட்ட கேட்க வேண்டியதுதானே? கேட்டேன்.

எங்க அப்பா நேஷனல் பர்மிட் லாரி டிரைவர். ஊர் சங்ககிரி. சேலம் பக்கத்து ஜவ்வரிசி மூட்டையை ஏத்திக்கிட்டு கல்கத்தாவுக்குப் போனார்னா, அங்க ரிட்டர்ன் லோடு கிடைக்கிற வரைக்கும் காத்துக் கிடந்து, திரும்பி வர மாசக் கணக்காயிடும். நான் கேட்டதுக்கு அவர் சொன்ன பதில் இதுதான்:

"அதெல்லாம் உங்கம்மாளுக்குத்தான் தெரியும் சாமி. எனக்கு எங்க தெரியும்? நான் போறப்ப உன் வாயில பல்லு இல்ல. வர்றப்ப கீழ ரெண்டு இருந்துச்சு. இன்னொரு ட்ரிப் போறப்ப வயித்தால ஊர்ந்துக்கிட்டிருந்தே. வர்றப்ப கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. என்னைப் பார்த்ததும் யாரோ ஆளுன்னு வீல்னு அழுவே. பழகறதுக்கு ரெண்டு நாள் ஆகும். நீ பழகிட்டே பாரு... அதுக்குள்ள அடுத்த லோடு வந்துரும்."

இவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை சேர்க்கல, குறைக்கல. டீ டம்ளரைக் கீழ வச்சுட்டு பேப்பரை எடுத்துக்கிட்டார்.

யோசிச்சுப் பார்த்தா, குழந்தை வளர்றதை நிஜமாப் பார்த்தவர் அவர்தானோன்னு தோணுது. தினமும் பார்க்கிற எங்களுக்கு எதுவும் தெரியறதில்ல. சட்டை பத்தாமப் போறப்பதான் தெரியும். ஆனா கணக்கு எடுத்தா தலை சுத்தும். பொறக்கும்போது ஒரு குழந்தை சுமார் மூணு கிலோ. அஞ்சு மாசத்துல அது ரெண்டு மடங்கு. ஒரு வருஷத்துல மூணு மடங்கு. இதே வேகத்துல நீங்க வளர்ந்தா? இப்ப 60 கிலோ இருக்கிற நீங்க, அடுத்த வருஷ செமஸ்டர் எக்ஸாமுக்கு 180 கிலோவுல வந்து உட்காருவீங்க. பெஞ்ச் தாங்குமா? உயரம் 50 செ.மீ.ல ஆரம்பிச்சு முதல் வருஷமே 75. அதுக்கப்புறம்தான் வேகம் குறையுது. ரெண்டாவது வருஷம் ஒரு 12, மூணாவது வருஷம் ஒரு 8, 9. நாலு வயசுலதான் பொறந்த உயரத்தைப் போல ரெண்டு மடங்கு, அதாவது ஒரு மீட்டர். என் பொண்ணு இப்ப 94 செ.மீ., 13 கிலோ. கதவு நிலையில பென்சில் கோடு போட்டு வச்சிருக்கோம். (வீட்டு ஓனர் இதைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியத்துல எழுதறேன்.)

இந்த வளர்ச்சிக் கணக்கையெல்லாம் ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சான்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சேதி. தமிழ் டிபார்ட்மென்ட் மக்கள் இப்ப காலரைத் தூக்கி விட்டுக்கலாம். பிள்ளைத்தமிழ், பிள்ளைத்தமிழ்னு ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சிருப்பீங்களே... பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினப்ப எனக்கு அது வெறும் லிஸ்ட்டாத்தான் தெரிஞ்சுது. வீட்ல ஒரு குழந்தை வந்தப்புறம்தான் புரிஞ்சுது, அது ஒரு குழந்தை மருத்துவர் சுவத்துல மாட்டி வைக்கிற சார்ட்!

காப்புப் பருவம், மூணாவது மாசம் வாக்குல. குழந்தையை அந்தத் தெய்வம் காக்கணும், இந்தத் தெய்வம் காக்கணும்னு வேண்டுறது. கைக்குழந்தைகள் நிறையச் செத்துப்போன காலத்துல முதல்ல அதைத்தானே வேண்ட முடியும்? அஞ்சாவது மாசம் செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, ரெண்டு கையையும் தரையில ஊன்றி, தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆடும் பாருங்க... அதுதான். ஏழுல தால். தால்னா நாக்கு. 'பபப, மமம'ன்னு நாக்கைச் சுழட்ட ஆரம்பிக்கிற நேரம். ஒன்பதுல சப்பாணி, ரெண்டு கையையும் சேர்த்துத் தட்டுறது. இன்னிக்கு எந்த டாக்டர்கிட்ட கேட்டாலும் கை தட்டுறதுக்கு அதே ஒன்பது மாசத்தைத்தான் சொல்வார். பதினொண்ணுல முத்தம். ஒரு வயசு ஒட்டி வருகை, தளர்நடை போட்டு "வா"ன்னு கூப்பிட்டா வர்றது. அதுக்கப்புறம் அம்புலி, வானத்துல நிலாவைக் காட்டி அதை விளையாட வரச் சொல்லிக் கூப்பிடுறது. நூலுக்கு நூல் மாசக் கணக்கு கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். வரிசை மாறாது.

கடைசி மூணு பருவம் மட்டும் ஆணுக்கு வேற, பெண்ணுக்கு வேற. பெண் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல்னு வரும். ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். இதுல சிற்றில்னா என்ன தெரியுமா? பொண்ணுங்க மணல்ல வீடு கட்ட, பையன் போய் அதைக் காலால இடிக்கிறது. ஹாஸ்டல் பசங்களைப் பார்த்தா இன்னும் அந்தப் பருவத்தைத் தாண்டலைன்னுதான் தோணுது.

இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா, 12-ஆம் நூற்றாண்டுல ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனையே குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். 17-ஆம் நூற்றாண்டுல குமரகுருபரர் மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கினார். ராஜாவானாலும் சரி, அம்மனானாலும் சரி, அஞ்சாவது மாசம் தரையில கையை ஊன்றித்தான் ஆகணும். பாட்டைப் பாடினது புலவர்தான். ஆனா எந்த மாசத்துல எதுங்கிற கணக்கை அவருக்குச் சொன்னது யாரோ ஒரு அம்மாவோ ஆத்தாவோதான். பேர் இல்லாமப் போயிட்டாங்க.

கணக்குன்னு வந்தாலே கூடவே கம்பேரிசனும் வந்துடும். உங்களுக்கு சி.ஜி.பி.ஏ.; என் பொண்ணுக்கு நடை. பதினாலு மாசம் ஆகியும் அவ நடக்கல. தெருவுல ஒருத்தர் பாக்கி இல்ல... "எங்க பேரன் பத்து மாசத்துலயே ஓடினான்". என் மனைவிக்கு ராத்திரி தூக்கம் இல்ல. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், பிரேசில், அமெரிக்கான்னு ஆறு நாட்டுல சுமார் 8,500 குழந்தைகளை வச்சு ஒரு பெரிய ஆய்வு நடத்தி, 2006-ல வளர்ச்சி அளவுகளை வெளியிட்டுச்சு. நம்ம ஊர் டெல்லியும் அதுல உண்டு. அந்த ஆய்வுப்படி, குழந்தை தானா நடக்கறதுக்கான காலம் 8 மாசத்துல தொடங்கி 17 மாசம் தாண்டியும் போகுது. இவ்வளவு பெரிய ஜன்னல்! நூத்துக்கு நாலு குழந்தை கை, முட்டி ஊன்றித் தவழவே தவழாம நேரா எழுந்து நடந்திருக்கு. எங்க பாப்பா பதினாலரை மாசத்துல, யாரும் பார்க்காத நேரத்துல, ஒரு துடைப்பத்தைப் பிடிக்கிறதுக்காக நாலு அடி நடந்தா. (அந்த ஜன்னலையும் தாண்டினா டாக்டரைப் பார்க்கணும். அது வேற. பக்கத்து வீட்டுப் பேரனைப் பார்க்க வேண்டியதில்ல.)

அந்த ஆய்வு இன்னொரு பெரிய விஷயத்தையும் காட்டிச்சு. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான சூழலும் கிடைச்சா, எந்த நாட்டுக் குழந்தையும் முதல் அஞ்சு வருஷம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளருது. "நம்ம ஊர்க் குழந்தைங்க குள்ளமாத்தான் இருக்கும், அது நம்ம ரத்தம்"னு சொல்றதெல்லாம் சும்மா. ஆனா நடக்கிறது என்ன? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி இந்தியாவுல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகள்ல 35.5 சதவிகிதம் வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க. தமிழ்நாட்டுல 25 சதவிகிதம். நாலுல ஒண்ணு. நம்ம கதவு நிலையில பென்சில் கோடு மேல ஏறுதுன்னு கை தட்டுறோம். அந்தக் கோடு ஏற வேண்டிய நேரத்துல ஏறாம நின்னுபோன வீடு, நாலு வீட்டுக்கு ஒரு வீடு. அதுவும் அந்தக் குழந்தைக்கு ஞாபகம் இருக்கப் போறதில்ல. உடம்பு மட்டும் ஞாபகம் வச்சிருக்கும்.

சரி, கொஞ்சம் சிரிப்போம். பேச்சுக்கு வருவோம். ரெண்டு வயசுல ஒரு அம்பது வார்த்தையும், ரெண்டு ரெண்டு வார்த்தையா சேர்த்துப் பேசுறதும் வந்துட்டா போதும்னு சொல்வாங்க. எங்க பாப்பா முதல்ல சேர்த்துப் பேசினது, "அப்பா வேணாம்". இப்ப மூணு வயசுல அருவிதான். வாழைப்பழம், 'வாயப்பயம்'. சிரிக்காதீங்க, தெற்கே பல ஊர்ல பெரியவங்களே வாளப்பளம்தான் சாப்பிடுறாங்க. அவளுக்கு எல்லாரும் அஃறிணைதான்... "அப்பா வந்துச்சு, தாத்தா தூங்குது". எனக்கு ரொம்பப் பிடிச்சது அவளோட காலக்கணக்கு. நேத்து, போன மாசம், போன தீபாவளி எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை, 'நாளைக்கு'. "நாளைக்கு நாம ரயில்ல போனோம்ல?"ன்னு கேப்பா. முதல்ல திருத்திக்கிட்டிருந்தேன். இப்ப "ஆமா போனோம்"னு சொல்லிடுறேன். இன்னும் எத்தனை நாளைக்கு இந்த 'நாளைக்கு' கிடைக்கப் போகுது?

ஞாபகம் நிக்கிறதுக்கும் பேச்சுக்கும் சம்பந்தம் இருக்கு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துல மூணு வயசுக் குழந்தைகளை அவங்க அம்மாவோட உட்கார வச்சு, சமீபத்துல நடந்த சில விஷயங்களைப் பத்திப் பேச வச்சுப் பதிவு பண்ணினாங்க. பிறந்தநாள், மிருகக்காட்சி சாலை, அந்த மாதிரி. சில வருஷம் கழிச்சு அதே குழந்தைகள்கிட்ட அதே விஷயங்களைக் கேட்டாங்க. 5-லிருந்து 7 வயசுக்குள்ள கேட்டப்ப 63-லிருந்து 72 சதவிகிதம் ஞாபகம் இருந்துச்சு. 8, 9 வயசுல கேட்டப்ப சுமார் 35 சதவிகிதம்தான். 2014-ல வெளிவந்த ஆய்வு இது. ஆக, மூணு வயசுல நடந்தது உடனே அழியறதில்ல. ஏழு வயசு வரைக்கும் இருந்துட்டு, அதுக்கப்புறம் மெதுவா நழுவுது. குழந்தை போற போக்குல பேச விட்டு, கூடக்கூடக் கேள்வி கேட்டுக் கதையை வளர்த்த அம்மாக்களோட பிள்ளைகளுக்கு ஞாபகம் இன்னும் நல்லா இருந்துச்சாம்.

இதைப் படிச்சதுல இருந்து எங்க வீட்ல தினமும் ராத்திரி ஒரு ஐட்டம் சேர்ந்திருக்கு. லைட்டை அணைச்சதும் "இன்னிக்கு என்ன ஆச்சு?". அவ சொல்வா. பாதி நடந்தது, பாதி நடக்காதது. மொட்டை மாடிக்கு யானை வந்ததா ஒரு நாள் சொன்னா. நாங்க "அப்புறம்?"னு மட்டும் கேப்போம்.

அந்த வரிசையில சுவத்துல இருக்கிற போட்டோவும் உண்டு. "இது யாரு?"ன்னா, "அப்பத்தா"ம்பா. அந்த அப்பத்தா மடியில பதினோரு மாசம் கிடந்தவ. எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, கால்ல போட்டுத் தூங்க வச்சு... மொத்தமும் போச்சு. போட்டோவைக் காட்டிப் பேர் சொல்லிக் கொடுத்திருக்கோம், அவ்வளவுதான். அவளுக்கு அது அப்பத்தா இல்ல, அப்பத்தாங்கிற ஒரு படம். இதை நினைச்சு நான் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், அவ தன்னோட கரடி பொம்மையைத் தூங்க வச்சுக்கிட்டிருந்தா. தோள்ல சாய்ச்சு முதுகுல தட்டுறா. தட், தட்... ஒரு சின்ன இடைவெளி... தட். எங்க அம்மா தட்டுற தாளம் அது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ சாதாரணமா, "நான் அப்படித்தானே தட்டுறேன், அதைப் பார்த்துத் தட்டுறா"ன்னுட்டுப் போயிட்டா. நியாயம்தான். அற்புதமெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா என் மனைவி எங்க ஊர்க்காரி இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு குழந்தையைக்கூடத் தூக்கினது கிடையாது. அவளுக்கு அந்தத் தட்டு யார் சொல்லிக் கொடுத்தது?

இந்த வாரம் வீட்டுக்குப் போறவங்க, ஹாஸ்டல்ல இருந்து போன் பண்றவங்க, "சாப்பிட்டியா, பணம் போட்டுவிடு" முடிஞ்சதும் ஒரு கேள்வி எக்ஸ்ட்ரா கேட்டுப் பாருங்க. "நான் முதல்ல பேசின வார்த்தை என்னம்மா?" இல்லன்னா "என்னைத் தூங்க வைக்க என்ன பண்ணுவீங்க?". அம்மா இல்லாதவங்க அத்தைகிட்ட, பெரியம்மாகிட்ட, எதிர் வீட்டுப் பாட்டிகிட்ட கேளுங்க. அப்பாகிட்டயும் கேளுங்க. அரை பதில்தான் வரும், பரவாயில்ல. நான் ரெண்டு பல்லோட பதில் வாங்கினவன். அதை நோட்டுல எழுதியே வச்சிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கேக் வெட்டி முடிச்சு, பசங்க எல்லாம் கிளம்பினப்புறம், அப்பா பாப்பாவைத் தன் முன்னாடி நிக்க வச்சார். அவருக்குப் பிறந்தநாள்னு ஒண்ணு கிடையாது. லைசென்ஸ்ல இருந்து ஆதார் வரைக்கும் ஜூன் 1-னு இருக்கும். அது ஒண்ணாவது வாத்தியார் போட்டுக் கொடுத்த தேதி. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-லதான். 2023-ல அதைத் திருத்தி, அந்த வருஷம் அக்டோபர் 1-லிருந்து பிறக்கிற குழந்தைகளுக்கு ஸ்கூல் அட்மிஷன்ல தொடங்கி லைசென்ஸ் வரைக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்னு ஆக்கிட்டாங்க. அப்பா காலத்துல சர்டிபிகேட் வேற. வலது கையைத் தலைக்கு மேல வளைச்சு இடது காதைத் தொடணும். தொட்டா ஒண்ணாம் கிளாஸ். தொடலைன்னா, அடுத்த வருஷம் வா. கிண்டல் பண்ணாதீங்க, அதுல விஷயம் இருக்கு. பிறந்த குழந்தைக்கு உடம்பு நீளத்துல நாலுல ஒரு பங்கு தலைதான். கை குட்டை. வளர வளரத்தான் தலை வேகம் குறைஞ்சு கை, கால் நீளும். கை காதைத் தொடுதுன்னா வயசு அஞ்சைத் தாண்டியிருக்கும்னு ஒரு குத்துமதிப்பு.

"எங்க, காதைத் தொடு கண்ணு"ன்னார் அப்பா.

அவ கையைத் தூக்கினா. உச்சந்தலையோட நின்னுபோச்சு. தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பார்த்தா, எட்டலை. அந்தப் பக்கக் கையால காதை இழுத்துக்கூடப் பார்த்தா (இந்த பிட் வேலையெல்லாம் எங்க கத்துக்கிட்டாளோ!).

"ஆகாது... இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்"னு அப்பா தீர்ப்பு சொன்னார்.

"தாத்தா, நீ தொடு!"

அப்பா சிரிச்சுக்கிட்டே வலது கையைத் தூக்கினார். முப்பது வருஷம் லாரி ஸ்டீயரிங் பிடிச்ச தோள்பட்டை. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டிகள். கை காது உயரத்துக்கு வந்து நின்னுடுச்சு. முகத்தைச் சுளிச்சு இன்னும் ஒரு அங்குலம் தூக்கப் பார்த்தார், முடியல. பாப்பா கிட்டப் போய் அந்தக் கையைப் பிடிச்சு, மெதுவாக் கீழ இறக்கி விட்டா.

"ஆகாது தாத்தா"ன்னா. "இன்னும் ரெண்டு வருஷம்."